பாஸ்போர்ட்டுக்கு வைத்த மஞ்சள்

மலேசியாவின் ஜொகூரில், மாசாயில் இருக்கும் யோகேஸ்வரியின் வீட்டைப் பொறுத்தவரை, பாஸ்போர்ட் என்பது இமிகிரேஷன்காரன் பார்ப்பதற்கு முன் மாரியம்மன் பார்க்க வேண்டிய பொருள். புருஷன் சுகுமாறன் விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் போகிறவன். ராத்திரி வீடு திரும்பியதும் அவன் பாஸ்போர்ட் சாமி மேடைக்குப் போய்விடும். காலையில் அங்கிருந்துதான் சட்டைப் பைக்கு வரும். புது பாஸ்போர்ட் எடுத்தால் அட்டையின்மேல் ஒரு மஞ்சள் பொட்டு. இத்தனை வருஷமாக அவன் லாரிகளுக்கு நடுவே புகுந்து கைகால் முழுசாக வீடு வந்து சேர்வதற்கு அந்தப் பொட்டுதான் காரணம் என்று யோகேஸ்வரி நம்பினாள். சுகுமாறன் தன் பிரேக்குதான் காரணம் என்பான். இரண்டில் எது என்று இதுவரை தீரவில்லை.

ஆகவே ஒரே மகள் லோஷினி இங்கிலாந்துக்குப் போகப்போகிறாள் என்றதும் பாஸ்போர்ட்டுக்கு மஞ்சள் வைக்கவேண்டும் என்று யோகேஸ்வரிக்குத் தோன்றியதில் அதிசயம் ஒன்றுமில்லை. எவ்வளவு வைப்பது என்பதில்தான் கணக்குத் தப்பிவிட்டது. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற சிங்கப்பூருக்கே ஒரு பொட்டு என்றால், கடல் பல தாண்டி இருக்கிற ஊருக்கு ஒன்று எப்படிப் போதும்? வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டு, மஞ்சளோடு பொட்டு உதிராமல் நிற்கக் கொஞ்சம் அரிசி மாவும் சேர்த்துக் குழைத்தாள். அட்டையோடு நிறுத்தாமல் உள்ளே திறந்தாள். பக்கத்துக்குப் பக்கம் நாலு மூலையிலும் தாராளமாக வைத்தாள். மூடினாள். நகராமல் இருக்கட்டும் என்று தண்ணீர் நிறைந்த செம்பைத் தூக்கி மேலே வைத்தாள்.

கண்ணை மூடிக் கும்பிட்டாள். "தாயே, எம்பொண்ணு நல்லபடியா போயிட்டு நல்லபடியா வரணும்" என்றாள். அதோடு எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை. "இல்லைன்னா போகாமலே இருக்கட்டும்" என்று வந்தது. அதற்கும் பிறகு, அவள் நினைக்காமலே, "போகாம இருந்தாலே எனக்கு நல்லது" என்று வாய் முணுமுணுத்துவிட்டது. திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். மாரியம்மன் எப்போதும்போல நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யோகேஸ்வரியையும் சும்மா குறை சொல்லக்கூடாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து சாயங்காலமானால் தெருமுனையில் ஒரு மோட்டார் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பவள் அவள். மழை பெய்தால் வாசலை விட்டு உள்ளே வரமாட்டாள். பாலத்தில் நெரிசல் என்று கேட்டால் சோறு இறங்காது. ஒரு ஆளுக்காகக் காத்திருப்பதே இந்தப் பாடு என்றால் இரண்டாவது ஆளுக்கு எங்கே போவாள்? இதே ஜொகூரில் பெக்கான் நானாஸில் இருக்கிற சித்தி வீட்டில்கூட லோஷினி தனியாகத் தங்கியதில்லை.

லோஷினிக்கோ பல மாதமாகத் தரையில் கால் பாவவில்லை. பள்ளியின் சரித்திரக் கழகமும் தெப்ராவில் இருக்கும் இன்னொரு பள்ளியும் சேர்ந்து போகிற கல்விச் சுற்றுலா அது. பொறுப்பு ஆசிரியர் ராஜசேகரன் ஒரு விதி வைத்திருந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பழைய இடம். அந்த இடத்துக்குப் போனதும் அந்தப் பிள்ளைதான் முன்னால் நின்று மற்றவர்களுக்கு விளக்கவேண்டும். ஒருவனுக்கு லண்டன் கோட்டை, ஒருத்திக்கு வட்டமாக நிற்கும் பெருங்கற்கள். லோஷினிக்குக் கிடைத்தது பாத் என்ற ஊரில் ரோமானியர் கட்டிய வெந்நீர்க் குளம்.

யோகேஸ்வரி நெத்திலி ஆய்ந்துகொண்டிருக்கும்போது மகள் அடுப்படியில் நின்று ஒத்திகை பார்ப்பாள். "அந்தக் குளத்துல ஒரு பொம்பள சாமி இருக்குன்னு நம்பினாங்கம்மா. குளிக்கிறப்போ யாராவது துணிய திருடிட்டா, திருடனுக்கு இன்ன தண்டனை குடுன்னு ஈயத் தகட்டுல எழுதி தண்ணிக்குள்ள போட்டுருவாங்க."

"நம்ம ஊர்ல காசு வெட்டிப் போடுற மாதிரியா?"

"அதே மாதிரிதான். போட்டா போட்டதுதான். அப்புறம் மனசு மாறி வேணாம்னாலும் எடுக்க முடியாது. தண்ணி கொதிக்கும், ஆழம் வேற."

அப்போது யோகேஸ்வரி சிரித்தாள். சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பேச்சு ஞாபகம் வந்தபோது சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம்தான் அவள் செம்பைத் தூக்கினாள். பாஸ்போர்ட் திறக்கவில்லை. அரிசி மாவும் மஞ்சளும் செம்பிலிருந்து கசிந்த தண்ணீரும் சேர்ந்து, காகிதத்தைக் காகிதத்தோடு இணைபிரியாமல் சேர்த்து வைத்திருந்தன. நகத்தால் நெம்பினாள். லேசாக இழுத்தாள். சர்ரென்று ஒரு சத்தம். ஒரு பக்கம் பாதியாகக் கிழிந்து எதிர்ப்பக்கத்தோடு போய்விட்டது.

அந்த இடத்தில் நிறுத்தியிருந்தாலாவது ஒரு மாதிரி. யோகேஸ்வரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கைபேசி நனைந்தால் அரிசியில் புதைப்பார்களே என்று அரிசிக் கலயத்தில் புதைத்தாள். இருப்புக்கொள்ளாமல் கொஞ்ச நேரத்திலேயே எடுத்தாள். துணியை மேலே போட்டு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க மஞ்சள் இன்னும் நாலு பக்கத்துக்கு இறங்கியது. திங்கட்கிழமை பிற்பகல் பள்ளியிலிருந்து பஸ் புறப்படுகிறது. அன்று ராத்திரி கோலாலம்பூரிலிருந்து விமானம்.

அப்போதே சொல்லியிருக்கலாம். லோஷினி அடுத்த அறையில் பாட்டு முணுமுணுத்தபடி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். குளிர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே வேர்க்க விறுவிறுக்க நின்று, "எப்படி இருக்கும்மா?" என்று வந்து காட்டினாள். யோகேஸ்வரி பாஸ்போர்ட்டைப் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டு, "நல்லாருக்குடி" என்றாள். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, அலுவலகம் திறந்திருக்கும், முதலில் தனியாகப் போய் விசாரித்துவிடலாம், யாருக்கும் தெரியவேண்டாம் என்று மனசுக்குள் ஒரு திட்டம் போட்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் திறந்திருக்கும் என்று நினைக்க ஜொகூர்க்காரர்களால் மட்டும்தான் முடியும். பத்து வருஷத்துக்கு மேலாக இங்கே வெள்ளியும் சனியும்தான் லீவாக இருந்தது. ஞாயிறு வேலை நாள். இந்த வருஷம்தான் மறுபடி சனி ஞாயிறு என்று மாற்றினார்கள். சட்டத்தை ஒரே நாளில் மாற்றிவிடலாம். பதறிப்போன மனுஷியின் புத்தி பழைய தடத்தில்தான் ஓடும். காய் வாங்கப் பாசாருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் பழைய மோட்டார் சைக்கிளில் உள்ரோடு உள்ரோடாகச் சுற்றிப் போய் இறங்கினாள். கேட் பூட்டியிருந்தது.

காவலாளி நாற்காலியிலிருந்து எழாமலே, "காக், ஹாரி இனி அஹாட் லா. ச்சூத்தி" என்றான். அக்கா, இன்றைக்கு ஞாயிறு, லீவு. அலமாக், இந்த வருஷம் முழுக்கப் பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கு அனுப்பவில்லையே, அது எப்படி மறந்தது என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு நாள் போய்விட்டது. இல்லை, மாரியம்மன் போகவைத்தாள். போகாம இருந்தாலே நல்லது என்று கேட்டது யார்? கேட்டதைக் கொடுப்பதில் மாரியம்மனைப்போல் உண்டா?

வீட்டுக்கு வந்ததும் லோஷினி கேட்டாள்: "பாசார் போனேன்னீங்க. காய் எங்கம்மா?"

யோகேஸ்வரி வெறுங்கையைப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவ்வளவுதான். அதற்குமேல் அவள் விளக்க வேண்டியிருக்கவில்லை. வீடே மஞ்சள் வாசனை அடித்தது.

சுகுமாறன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றான். கோபம் வந்தால் அவனுக்குப் பேச்சு நின்றுபோகும். லோஷினிக்கு நேர்மாறு. ஆனால் அன்றைக்கு அவள் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். "நீங்க வேணும்னுதான் செஞ்சீங்க."

"ஐயோ, இல்லடி."

"நான் போறது உங்களுக்கு புடிக்கல. ஆரம்பத்திலேருந்தே புடிக்கல. சாமிகிட்ட என்ன கேட்டீங்க? சொல்லுங்க."

யோகேஸ்வரி சாமி மேடையைத்தான் பார்த்தாள். மகள் காத்திருந்து பார்த்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். யோகேஸ்வரி குட்டி போட்ட பூனைபோல அந்தக் கதவுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். உள்ளே அழுகைச் சத்தம் கேட்டிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். ஒன்றும் கேட்கவில்லை.

ராஜசேகரன் சார் தொலைபேசியில் திட்டவில்லை. அதுவே திட்டியதுபோலத்தான் இருந்தது. "நாளைக்கு காலையில ஆபீஸ் தொறந்ததும் புதுசு எடுத்துருங்கம்மா. அது ஒரே நாள்ல கெடச்சிரும். ஆனா பாஸ்போர்ட் நம்பர் மாறிட்டா, இங்கிலாந்து போறதுக்கு ஆன்லைன்ல எடுத்த அனுமதியும் செல்லாது. திரும்ப போடணும். சில பேருக்கு ஒடனே வரும், சில பேருக்கு மூணு நாளும் இழுக்கும். அது கையில இல்லாம பிள்ளைய ஏர்போர்ட் வரைக்கும் கூட்டிட்டுப்போய் என்னால விட்டுட்டு போக முடியாது. புரியுதா?" புரிந்தது.

திங்கட்கிழமை சுகுமாறனால் லீவு போட முடியவில்லை. அன்றைக்குத்தான் தொழிற்சாலையில் புது மெஷின் இறக்குகிறார்கள், வராவிட்டால் வேலைக்கே வேட்டு. சாமி மேடையிலிருந்து தன் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டான். போகும்போது வாசலில் நின்று, "ரெஸ்ட் டைம்ல மெயில் பாத்து கூப்புடுறேன்" என்று மட்டும் சொன்னான். முதல் தடவை விண்ணப்பித்ததே அவனுடைய மின்னஞ்சலில்தான்.

அலுவலகத்தில் கூட்டம் நெரிந்தது. கவுண்டரில் இருந்த சின்னப் பெண் பழைய பாஸ்போர்ட்டைத் திறந்தாள், விரலில் ஒட்டிய மஞ்சளைப் பார்த்தாள், எப்படி இப்படி ஆனது என்று மலாயில் கேட்டாள். "சாமிக்கு வச்சேன்" என்று யோகேஸ்வரி தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னாள். அந்தப் பெண் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. படம் எடுக்கிற இடத்தைக் கை காட்டினாள். படத்தில் லோஷினியின் முகம் வீங்கியிருந்தது. இனி ஐந்து வருஷத்துக்கு அந்த முகத்தைத்தான் எல்லா நாட்டுக்காரனும் பார்ப்பான் என்று யோகேஸ்வரி நினைத்துக்கொண்டாள்.

எண் கூப்பிடும் திரையையே பார்த்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதில் லோஷினி தன் பையை வைத்திருந்தாள். யோகேஸ்வரி எழுந்தாள், உட்கார்ந்தாள், தண்ணீர் வாங்கி வந்தாள். லோஷினி அதைத் தொடவில்லை. கடைசியில் பெயர் கூப்பிட்டார்கள். புது பாஸ்போர்ட்டை நீட்டியபோது யோகேஸ்வரி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். லோஷினிதான் வாங்கினாள். சுவரோரம் நின்றபடியே கைபேசியில் படம் பிடித்து, முகம் காட்டி, விண்ணப்பத்தை அனுப்பினாள். பழக்க தோஷத்தில் மறுபடியும் அப்பாவின் மின்னஞ்சலையே கொடுத்துவிட்டாள். அனுப்பிய பிறகுதான் அது உறைத்தது. சிங்கப்பூர் தொழிற்சாலையில் வேலை இடத்துக்குக் கைபேசி கொண்டுபோகக் கூடாது. அவன் கைபேசி பெட்டகத்துக்குள் பூட்டிக் கிடக்கும்.

அம்மாவும் மகளும் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது பள்ளிக்கு முன்னால் பஸ் நின்றிருந்தது. காலையிலேயே பக்கத்து வீட்டுக்காரர் காரில் கொண்டுவந்து போட்ட லோஷினியின் பெட்டி, மற்றப் பெட்டிகளுக்கு அடியில் எங்கேயோ போயிருந்தது. அம்மாக்கள் பிள்ளைகளுக்கு விபூதி வைத்தார்கள், ஊறுகாய் டப்பாவைத் திணித்தார்கள், படம் எடுத்தார்கள். யோகேஸ்வரி சுகுமாறனை அழைத்துக்கொண்டே இருந்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

ராஜசேகரன் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்காத மாதிரி இருந்தார். பிறகு பார்த்தே விட்டார். "இதுக்கு மேல முடியாதும்மா. தெப்ராவ்ல அந்த ஸ்கூல் பிள்ளைங்கள ஏத்தணும். பெட்டி இருக்கட்டும். நாங்க அங்கேருந்து கெளம்புறதுக்குள்ள அனுமதி வந்துச்சுன்னா நேரா அங்க வந்துருங்க. வரலைன்னா பெட்டிய அங்கயே எறக்கி வச்சிர்றேன்." லோஷினியின் தோளில் தட்டினார். "பாத் பத்தி யாரும் பேச மாட்டாங்க. உன் எடம் அப்படியே இருக்கும்."

பஸ் போனது. அம்மாக்கள் போனார்கள். லோஷினி பள்ளி வாசல் திண்டில் புது பாஸ்போர்ட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போதும் அவள் அழவில்லை. அதைப் பார்க்கப் பொறுக்காமல் யோகேஸ்வரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோயிலும் இல்லை, படமும் இல்லை, காய்ந்துபோன பாசி படிந்த சுவர்தான். அதைப் பார்த்துப் பேசினாள்.

"தாயே, வெள்ளிக்கெழம நான் ஒண்ணு சொன்னேன். அது என் பயம் சொன்னது. அவளுக்காக கேட்டது இல்ல, எனக்காக கேட்டது. நீ கேட்டிருந்தாலும் கேக்காத மாதிரி இரு. எம்பிள்ள போகட்டும்."

கைபேசி அதிர்ந்தது. சுகுமாறன், தேநீர் இடைவேளை. "ஏங்க, எத்தன தடவ கூப்புடுறது" என்று ஆரம்பித்தவளை அவன் பேசவிடவில்லை. "வந்துருச்சு, வந்துருச்சு. மத்தியானமே வந்துருச்சு, நான் சாப்புட்டு உள்ள போனதுமே. இப்பதான் லாக்கர தொறக்குறேன். புள்ளைக்கு அனுப்பிட்டேன் பாரு."

மத்தியானமே. அப்படியென்றால் எப்போதோ கிடைத்துவிட்ட வரத்துக்காக அவள் சுவரோடு மன்றாடிக்கொண்டிருந்திருக்கிறாள். அதை நினைத்து வெட்கப்பட அப்போது நேரமில்லை. லோஷினி கைபேசியில் கிராப் வாடகைக் கார் தேடினாள். பக்கத்தில் வண்டியே இல்லை என்று காட்டியது. "போச்சும்மா" என்றாள். நேற்றைய சண்டைக்குப் பிறகு அவள் அம்மா என்று கூப்பிடுவது அப்போதுதான்.

"ஏறு" என்றாள் யோகேஸ்வரி.

"எங்க?"

"மோட்டார்ல ஏறுடி."

உள்ரோட்டில் சுற்றிப் போனால் பஸ் போய்விடும். பெருஞ்சாலைதான் வழி. யோகேஸ்வரி அந்தப் பெருஞ்சாலையில் வாழ்நாளில் வண்டி ஓட்டியதில்லை. துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் ஓடுகிற ரோடு அது. சுகுமாறன் தினமும் அதில் போகிறானே என்றுதான் அவள் சாயங்காலமெல்லாம் செத்துப் பிழைப்பாள். இப்போது பெருஞ்சாலைக்கு ஏறும் வளைவில் திரும்பி, கண்ணாடியைக்கூடப் பார்க்காமல், முறுக்கினாள். ஒரு லாரி பக்கத்தில் போனபோது வண்டியே ஒரு முழம் தள்ளிப்போனது. இன்னொன்று பின்னால் ஹாரன் அடித்தது. "அடிடா, அடி" என்று வாய்விட்டுச் சொன்னாள். பின்னால் லோஷினியின் கை இடுப்பைச் சுற்றி இறுகியது. பாஸ்போர்ட்டின் மூலை விலாவில் குத்தியது. வலித்தது, சுகமாகவும் இருந்தது. பயம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. காத்திருப்பவளுக்குத்தான் பயம் போலும், ஓட்டுகிறவளுக்கு ரோடு மட்டும்தான்.

தெப்ராவில் பஸ் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. லோஷினியின் பெட்டி ரோட்டோரத்தில் இறக்கி வைக்கப்பட்டிருந்தது. ராஜசேகரன் சார் படியில் ஒரு காலோடு நின்றார். கைபேசியில் அனுமதியைப் பார்த்தார், புது பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டார், "ஏறு, ஏறு" என்றார். அவரே பெட்டியைத் தூக்கினார். உள்ளேயிருந்து பிள்ளைகள் கை தட்டினார்கள்.

லோஷினி ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்தாள். ஏறவில்லை. "அம்மா, சாமிகிட்ட என்ன கேட்டீங்க?"

பஸ்காரன் ஹாரனில் கை வைத்தான். பொய் சொல்ல இது நல்ல நேரம்தான். யோகேஸ்வரி சொல்லவில்லை. "நீ போகாம இருந்தா நல்லதுன்னு கேட்டேன்" என்றாள்.

மகள் அவள் முகத்தையே பார்த்தாள். "போட்டா எடுக்க முடியாதும்மா" என்றாள். குரலில் கோபம் இல்லை. ஏதோ ஒத்திகையில் பாதி வரியைச் சொல்லிவிட்டு மீதிக்குக் காத்திருப்பவள் மாதிரி இருந்தது.

"எடுத்துட்டேன்டி. மாசாயிலேருந்து இங்க வரைக்கும், லாரிக்கு நடுவுல, நானே எடுத்துட்டு வந்துட்டேன். போ."

லோஷினி சட்டென்று குனிந்து, அம்மாவின் வலது கையைப் பிடித்து, இன்னும் மஞ்சள் போகாத அந்த விரலைத் தன் நெற்றியில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு ஏறினாள். கதவு மூடியது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கை தெரிந்தது, அதுவும் வளைவில் மறைந்தது.

யோகேஸ்வரி இரண்டு ஹெல்மெட்டோடு ரோட்டோரத்தில் நின்றாள். வந்த வழியே, அந்தப் பெருஞ்சாலையில், தனியாகத் திரும்பிப் போகவேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. வண்டியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து, ரோட்டில் லாரி குறையட்டும் என்று காத்திருந்தாள்.